கை என்னுடையது, கண் அவருடையது: பன்னிரண்டு ஸ்வீட் பொட்டேட்டோ பை சுட்ட அனுபவம்

எதிர்வீட்டு அம்மா செப்டம்பர் கடைசியில் வாசல்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவருக்கு வயது 78. கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த அன்று மாலை ரசமும் சாதமும் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நவம்பரில் சர்ச் விற்பனைக்குப் பன்னிரண்டு பை கொடுக்க வேண்டும். நாற்பது வருடத்தில் ஒரு வருடம்கூட விட்டதில்லை" என்றார். நான் சுட்டுத் தருகிறேன் மேம் என்றேன். இங்கே வட கரோலினாவில் மூத்த பெண்களிடம் அப்படித்தான் பேச வேண்டும். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி பேபி. கை உன்னுடையது, கண் என்னுடையது" என்றார்.

பை என்பது மைதாவும் கொழுப்பும் சேர்த்துப் பிசைந்த மாவைத் தட்டில் பரப்பி, உள்ளே இனிப்பு விழுதை ஊற்றி, ஓவனில் சுடுகிற பலகாரம். அமெரிக்காவில் வடக்கே இருப்பவர்கள் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் திருநாள் அன்று பூசணிக்காயில் செய்வார்கள். தெற்கே கறுப்பினக் குடும்பங்களில் அந்த இடம் சர்க்கரைவள்ளிக்கிழங்குக்குத்தான். பதினோரு வருடமாக ஒவ்வொரு நவம்பரிலும் அவர் கொடுத்தனுப்பும் ஒரு துண்டைச் சாப்பிட்டிருக்கிறேன். செய்து பார்த்ததில்லை.

முதல் முயற்சியை அவரிடம் சொல்லாமல் என் வீட்டிலேயே செய்தேன். கிழங்கைத் தோல் சீவி, துண்டு போட்டு, குக்கரில் வேகவைத்து மசித்தேன். நம் ஊரில் கிழங்கு என்றால் கை அந்த வழியில்தான் போகும். இரண்டு முட்டை, சர்க்கரை, பால், ஜாதிக்காய் எல்லாம் சேர்த்து, கனமான பீங்கான் தட்டில் மாவைப் பரப்பி, மேலே ஊற்றி, 350 பாரன்ஹீட்டில் 55 நிமிடம் வைத்தேன். மேலே பார்க்க அழகாக இருந்தது. வெட்டினால் அடிமாவு வேகாமல் பச்சையாக, களி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. விழுதில் இனிப்பு இருந்தது, கிழங்கின் ருசி இல்லை. நாக்கில் நூல் நூலாக நார் வேறு.

மறுநாள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் முள்கரண்டியின் முனையால் அடிப்பாகத்தை மட்டும் தூக்கிப் பார்த்தார். மூன்று கேள்வி கேட்டார். கிழங்கை எப்படி வேகவைத்தாய்? எந்தத் தட்டு? ஓவனில் எந்த அடுக்கில் வைத்தாய்? மூன்றிலும் தவறு இருந்தது.

முதலில் கிழங்கு. தோல் சீவித் துண்டு போட்டால் தண்ணீர் உள்ளே போகும், இனிப்பு வெளியே போகும். அவர் முழுக் கிழங்கைக் கழுவித் துடைத்து, அலுமினியத் தாள் விரித்த தட்டில் வைத்து, சூடாகாத ஓவனுக்குள் தள்ளி, பிறகுதான் 375 பாரன்ஹீட்டுக்குத் திருப்புவார். ஒன்றரை மணி நேரம். தோல் சுருங்கி, நுனியில் பாகு கசிந்து தாளில் கறுப்பாக உறையும். அதுதான் பதம். இதற்குக் காரணம் இருக்கிறது. கிழங்குக்குள் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும். ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை அது நன்றாக வேலை செய்யும். மெதுவாகச் சூடேறும் கிழங்கு அந்த வெப்பத்தில் நெடுநேரம் இருக்கும். குக்கரில் அந்தக் கட்டத்தை இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடுகிறோம். அடிமைக் காலத்தில் குடிசை அடுப்பின் சாம்பலில் கிழங்கைப் புதைத்து இரவெல்லாம் விட்டுவைத்தவர்களுக்கு நொதியின் பெயர் தெரியாது, விளைவு தெரியும்.

இந்தக் கிழங்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததல்ல. அடிமைகளாக்கப்படுவதற்கு முன் மேற்கு ஆப்பிரிக்காவில் அவர்கள் உண்டது யாம் என்ற வேறொரு கிழங்கு. நம் ராசவள்ளிக்கிழங்கின் குடும்பம் அது. கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்டவர்கள் இங்கே மண்ணில் கிடைத்த சர்க்கரைவள்ளியை யாமின் இடத்தில் வைத்துக்கொண்டார்கள். இன்றும் தெற்கில் பலர் இதை யாம் என்றுதான் சொல்வார்கள். பை செய்ய மைதாவும் சர்க்கரையும் ஓவனும் வேண்டும். அவை இருந்தது எஜமானர் வீட்டு அடுக்களையில். அங்கே நின்று சுட்டவர்கள் அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்கள். 1865-இல் விடுதலை வந்த பிறகுதான் அதைத் தங்கள் மேசையில், தங்கள் பிள்ளைகளுக்கென்று வைக்க முடிந்தது.

சரி, தட்டுக்கு வருகிறேன். பீங்கானும் கனமான கண்ணாடியும் மெதுவாகச் சூடேறும். மேலே விழுது இறுகும்போது அடியில் மாவு இன்னும் குளிர்ந்தே இருக்கும். அவர் வைத்திருப்பது மெல்லிய, கறுத்துப்போன தகரத் தட்டுகள், 9 அங்குலம். அவற்றை ஓவனின் கீழடுக்கில் வைக்க வேண்டும். கூடவே நான் ஒன்று சேர்த்துக்கொண்டேன்: மாவுக்கு மேல் பேக்கிங் தாள் விரித்து, காய்ந்த காராமணியைக் கொட்டி, 400 பாரன்ஹீட்டில் 15 நிமிடம் முன்கூட்டியே சுடுவது. அவர் அப்படிச் செய்வதில்லை. அவர் கை பழகியது, என்னுடையது பழகாதது. பழகாத கைக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்.

நாருக்கு அவர் சொன்ன வழி அற்புதமானது. சல்லடையில் தேய்த்துக் களைத்துப்போக வேண்டாம். கிழங்கு சூடாக இருக்கும்போதே கையில் பிடிக்கும் மின்சார மிக்சரால் அடித்தால், நாரெல்லாம் அதன் கம்பிகளில் சுற்றிக்கொள்ளும். கம்பியைக் கழற்றிக் குழாயில் அலசிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். மூன்று தடவை அலசினேன். மூன்றாவது தடவை கம்பி சுத்தமாக வந்தது. விழுது போளிப் பூரணத்தைவிட மென்மையாக இருந்தது.

இரண்டாவது முயற்சி அவர் சமையலறையிலேயே. அவர் நாற்காலியில், நான் மேடையில். அளவு எதுவும் எழுதி வைத்ததில்லை. அவர் "போதும்" என்று சொல்லும் இடத்தில் நிறுத்தி, நான் எடை போட்டு எழுதிக்கொண்டேன். ஒரு பைக்கு: கிழங்கு 1 பவுண்டு, அதாவது 450 கிராம். வெண்ணெய் 113 கிராம். வெள்ளைச் சர்க்கரையும் பழுப்புச் சர்க்கரையும் சேர்ந்து முக்கால் கப். முட்டை 2. எவாப்பரேட்டட் மில்க் எனப்படும் டின் பால் அரை கப். உப்பு கால் டீஸ்பூன். துருவிய ஜாதிக்காய் அரை டீஸ்பூன், பட்டைத்தூள் அதில் பாதி, வெனிலா 1 டீஸ்பூன், எலுமிச்சைத் தோல் துருவல் ஒரு சிட்டிகை. சாதாரணப் பால் ஊற்றலாமா என்றேன். கூடாது என்றார். டின் பாலில் தண்ணீர் வற்றியிருப்பதால் விழுது கெட்டியாக நிற்கும். அவருடைய அம்மா காலத்தில் வீட்டில் ஐஸ்பெட்டி இல்லை, டின் கெடாது. அதனால் வந்த பழக்கம்தான் ருசியாக நின்றுவிட்டது.

அடிமாவுக்கு மைதா 160 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 50, ஷார்ட்னிங் எனப்படும் வனஸ்பதி போன்ற கொழுப்பு 50, உப்பு ஒரு சிட்டிகை, ஐஸ் தண்ணீர் மூன்று நான்கு டேபிள்ஸ்பூன். இங்கே நம் சப்பாத்தி புத்தியை ஒதுக்கிவைக்க வேண்டும். அழுத்திப் பிசையவே கூடாது. கொழுப்பு பட்டாணி அளவு கட்டிகளாக மாவுக்குள் அப்படியே இருந்தால்தான் ஓவனில் உருகி அடுக்கடுக்காகப் பிரியும். நான் பிசைந்ததைப் பார்த்து, "அதை மிரட்டாதே" என்றார்.

இந்த முறை அடி வெந்தது, நார் இல்லை, ருசி வந்துவிட்டது. ஆனால் நடுவில் ஒரு நீண்ட விரிசல். அதிகமாகச் சுட்டுவிட்டேன். முட்டை சேர்ந்த விழுது 80 டிகிரி செல்சியஸ் அருகில் இறுகிவிடும். அதைத் தாண்டினால் சுருங்கி வெடிக்கும். ஓரம் எழும்பி, நடுவில் ஒரு கை அகலம் மட்டும் ஜெல்லி போல அசையும்போதே எடுத்துவிட வேண்டும். மிச்சத்தைத் தட்டின் சூடே முடித்துவிடும். இரண்டு மணி நேரம் ஆறாமல் வெட்டக் கூடாது.

அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். திங்கள் முதல் வெள்ளி வரை வெள்ளைக்காரர் வீட்டில் சமையல். சனிக்கிழமை விடிவதற்கு முன் தன் அடுப்பில் பை. அதைப் பிள்ளைகள் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்பார்கள். இவருக்கு மூக்குக்கண்ணாடி வாங்கியது அந்தப் பணத்தில். "வார நாளில் அம்மா செய்த பை அந்த வீட்டுக்காரரின் பெயரில் போகும். சனிக்கிழமை பைக்குத்தான் காசு அம்மா கையில் வரும்" என்றார்.

மூன்றாவது முயற்சி என் ஆசைக்காகச் செய்தது. ஆபி ஃபிஷர் என்ற பெண் தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். அலபாமாவின் மொபீலில் வாழ்ந்து, பதினொரு பிள்ளைகளைப் பெற்று, பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிபோனார். அங்கே 1880-இல் ஒரு பெரிய கண்காட்சியில் ஊறுகாய்க்கும் ஜாமுக்கும் பதக்கம் வாங்கினார். 1881-இல் அவருடைய சமையல் நூல் வெளிவந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். எழுதியவர்களுக்குத் தெற்கின் உணவுப் பெயர்கள் பழக்கமில்லை போலிருக்கிறது. ஜம்பலாயா என்ற சோற்று வகை 'ஜம்பர்லை' என்றும், சக்கடாஷ் என்ற சோளமும் பீன்ஸும் சேர்ந்த பண்டம் 'சர்க்யூட் ஹாஷ்' என்றும் அச்சாகிவிட்டன. அந்த இடங்களைப் படிக்கும்போது அவருடைய குரலே காதில் விழுவது போல இருக்கிறது எனக்கு.

அதில் இந்தப் பைக்கும் ஒரு குறிப்பு உண்டு. இரண்டு பவுண்டு கிழங்கில் இரண்டு பை. மெத்தென்று வேகவைத்து, தோல் உரித்து, சூட்டோடு மசித்து, ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய். ஐந்து முட்டையின் மஞ்சளையும் வெள்ளையையும் தனித்தனியே அடிக்க வேண்டும். ஒரு கில் பால், அதாவது ஏறக்குறைய 120 மில்லி. வேண்டிய அளவு சர்க்கரை. ஒரு ஆரஞ்சின் சாறு, அரை ஆரஞ்சின் தோல் துருவல். அடியில் மட்டும் மாவு. சீக்கிரமாகச் சுட வேண்டும். அவ்வளவுதான். ஜாதிக்காய் இல்லை, பட்டை இல்லை.

ஒன்றைக் கவனித்தேன். முதலில் வேகவைத்து, அப்புறம்தான் தோல் உரிக்கச் சொல்கிறார். தோலோடு வெந்தால் தண்ணீர் உள்ளே போகாது. என் முதல் பை கெட்டதற்கான விடை, எழுத்தே தெரியாத ஒருவர் சொன்ன சொற்களின் வரிசையில் 1881-லிருந்து இருந்திருக்கிறது. 'சீக்கிரமாக' என்பதை 400 பாரன்ஹீட் என்று எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து 350-க்கு இறக்கினேன். மொத்தம் 40 நிமிடம். அடித்த வெள்ளைக்கரு சேர்ந்ததால் பை உயரமாக எழும்பி, ஆறியதும் மெல்ல அமர்ந்தது. பஞ்சு போல லேசாக, ஆரஞ்சு மணத்தோடு இருந்தது. எதிர்வீட்டு அம்மா பேசாமல் ஒரு துண்டு சாப்பிட்டார். பிறகு இன்னொரு துண்டு. "விற்பனைக்கு நம்முடையதே போகட்டும். இதை எனக்கு வைத்துவிட்டுப் போ" என்றார்.

பன்னிரண்டு பை சுட்ட நாள் ஒரு சனிக்கிழமை. முந்தின இரவே பன்னிரண்டு உருண்டை மாவு பிசைந்து, தட்டுகளில் பரப்பி, ஓரம் மடித்துக் குளிரில் வைத்தாகிவிட்டது. பன்னிரண்டு பவுண்டு கிழங்கும் சுட்டாகிவிட்டது. விழுதுக்கு மட்டும் மூன்று பவுண்டு வெண்ணெய், இரண்டு டஜன் முட்டை, நான்கு டின் பால். சாதாரண வீட்டு ஓவனில் ஒரு நேரத்தில் நான்கு பைதான் போகும், மேலே இரண்டு, கீழே இரண்டு. அப்படி மூன்று ஈடு. காலை 4 மணிக்கு ஆரம்பித்தோம்.

அந்த நேரத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். ஜார்ஜியா கில்மோர் எழுந்து சமைத்த நேரம் அது.

இவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுத மனம் வரவில்லை. அலபாமாவின் மாண்ட்கோமரியில் ஒரு உணவகத்தில் சமையல்காரர். 1955 அக்டோபரில் பேருந்தின் முன்வாசலில் ஏறிக் காசு போட்டார். ஓட்டுநர் இறங்கிப் பின்வாசல் வழியாக ஏறச் சொன்னார். இறங்கியதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றோடு பேருந்தில் ஏறுவதை நிறுத்தினார். பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதாகி, டிசம்பர் 5 அன்று ஊரின் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தபோது, இவரும் தோழிகளும் தங்களுக்குள் 14 டாலர் திரட்டிக் கோழி, ரொட்டி, லெட்யூஸ் இலை வாங்கி சாண்ட்விச் செய்து கூட்டத்தில் விற்றார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'கிளப் ஃபிரம் நோவேர்', எங்கிருந்தும் வராத சங்கம். கேக், கோழி, ஸ்வீட் பொட்டேட்டோ பை எல்லாம் வீட்டு அடுப்பில் செய்து, அழகு நிலையங்களிலும் டாக்ஸி நிற்குமிடங்களிலும் சர்ச்சுகளிலும் விற்றார்கள். செய்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்தவர்கள். பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்று சொல்லலாம், அது பொய்யும் ஆகாது. யார் செய்தது, யார் வாங்கியது என்ற முழுக் கணக்கும் கில்மோருக்கு மட்டும்தான் தெரியும். மக்களை ஏற்றிச் சென்ற கார்களுக்கும் வண்டிகளுக்கும் பெட்ரோல் போட்டது இப்படி வந்த பணம். புறக்கணிப்பு நீடித்தது 381 நாள்.

1956 மார்ச்சில், புறக்கணிப்பை வழிநடத்திய மார்ட்டின் லூதர் கிங் மீதான வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறி, அந்தப் பேருந்து ஓட்டுநர் செய்ததை ஒளிக்காமல் சொன்னார். வேலை போனது. கிங்கின் யோசனையிலும் உதவியிலும் தன் வீட்டிலேயே சமைத்து விற்கத் தொடங்கினார். அந்த வீட்டு மேசையில் போராட்டத்தின் தலைவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஊரின் இன்னொரு பக்கத்தில் ஐனெஸ் ரிக்ஸ் 'ஃபிரெண்ட்லி கிளப்' என்று ஒன்று நடத்தினார். எந்தச் சங்கம் அதிகம் திரட்டுகிறது என்று இரண்டுக்கும் போட்டி. கூட்டத்தில் தொகையைச் சொல்லும்போது அரங்கம் ஆர்ப்பரிக்குமாம்.

இந்தப் பெண்களின் மனவுறுதி என்று பேசும்போது நாம் பொறுமையையும் கண்ணீரையும்தான் நினைக்கிறோம். அன்று காலை ஒன்பது மணிக்கு, இரண்டாவது ஈடு உள்ளே இருக்கும்போது, என் முதுகு விண்விண்ணென்று தெறித்தது. பதினோரு பாத்திரம் கழுவக் கிடந்தது. ஒருநாள் செய்தவளுக்கே இப்படி. அவர்கள் இதைச் செய்துவிட்டு, அதன்பின் மைல் கணக்கில் நடந்து வேலைக்குப் போய், அங்கே இன்னொருவர் வீட்டு அடுப்பில் மறுபடி நின்றிருக்கிறார்கள். அவர்களுடைய உறுதி என்பது வெண்ணெய் விலை, முட்டைக் கணக்கு, தூக்கம் விட்ட மணிகள், யார் அனுமதியும் கேட்காமல் கைக்கு வந்த சில டாலர்கள். எனக்கு அது கையால் புரிந்தது.

முதல் ஈட்டில் ஒரு தவறு நடந்தது. மேலடுக்கில் இருந்த இரண்டும் வேகமாக எழும்பி, ஒன்று ஓரத்தில் விரிந்தது. கீழடுக்கில் இருந்தவற்றின் மேல்விளிம்பு வெளிறியே இருந்தது. நான்கு தட்டும் சேர்ந்தால் ஓவனுக்குள் காற்று ஓடாது. இரண்டாவது ஈட்டிலிருந்து 28-ஆவது நிமிடத்தில் மேலிருப்பதைக் கீழேயும், கீழிருப்பதை மேலேயும், முன்பின் திருப்பியும் மாற்றினேன். கதவைத் திறப்பதால் சூடு இறங்கும், அதற்காக ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டேன். அதன்பின் எட்டும் ஒரே நிறத்தில் வந்தன. விரிந்த பையைத் தனியே வைக்கப் போனபோது எதிர்வீட்டு அம்மா இடதுகையால் தடுத்தார். அதை அன்று மதியமே தெருக்கோடியில் இருக்கும் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். அந்த வாரம் அங்கே ஒரு சாவு. விற்பனைக்கு ஒன்று குறையுமே என்றேன். "இன்னொன்று சுடு" என்றார். சுட்டேன்.

துக்க வீட்டுக்குப் பை கொண்டுபோவது இங்கே பழைய வழக்கம். மின்னசோட்டாவின் கோல்டன் வேலியில் ரோஸ் மெக்கீ என்பவர் இதையே பெரிய அளவில் செய்துவருகிறார். 2014-இல் மிசோரி மாநிலத்தின் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, முப்பது ஸ்வீட் பொட்டேட்டோ பை சுட்டு, காரில் ஏற்றி, அந்த ஊருக்கே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தார். இப்போது ஒவ்வொரு ஜனவரியிலும் கிங் பிறந்தநாளை ஒட்டி, அவர் இருந்திருந்தால் எத்தனை வயதோ அத்தனை பை சுடுகிறார்கள்.

செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். கடையில் சிவப்புத் தோல், வெள்ளைச் சதைக் கிழங்குதான் கிடைக்கிறது என்றால், அதில் மாவுத்தன்மை அதிகம். பால் இன்னும் இரண்டு மூன்று ஸ்பூன் கூட்டுங்கள். விழுது தோசை மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து பட்டையாக விழ வேண்டும். முட்டை சேர்ப்பதற்கு முன் ஒரு தடவை ருசி பாருங்கள். அந்த இடத்தில் கொஞ்சம் அதிக இனிப்பாகத் தெரிந்தால், சுட்டபின் சரியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச்சின் பின்கூடத்தில் நீள மேசை போட்டார்கள். எல்லாருடைய பைகளும் ஒன்றாகக் கலந்து வைக்கப்பட்டன. எதிலும் பெயர்ச்சீட்டு இல்லை. ஒன்று 15 டாலர். எங்கள் பன்னிரண்டையும் கறுத்த தகரத் தட்டை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். முக்கால் மணி நேரத்தில் மேசை காலி. எதிர்வீட்டு அம்மா பிஸ்கட் டப்பாவில் விழுந்த நோட்டுகளை மேசையில் கொட்டி, ஒற்றைக் கையால் ஒன்று, ஐந்து, பத்து என்று பிரித்து அடுக்கினார். அந்தப் பணம் குளிர்காலத்தில் தனியாக இருக்கும் முதியவர்களின் ஹீட்டர் கட்டணத்துக்குப் போகிறது. எங்கள் பங்கு 180 டாலர். நான் ரப்பர் பேண்ட் போட்டேன். அவர் இடதுகையால் கோணலாக ஒரு சீட்டில் தொகையை மட்டும் எழுதி, கட்டுக்குள் செருகினார்.